தலைமாட்டில் வசந்தம், கால்மாட்டில் பனி: லேனா ஆற்றின் கதை

லேனா ஆறு பிறக்கும் இடத்திலிருந்து பைக்கால் ஏரி சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் மலை நிற்கிறது. அதனால் பக்கத்திலேயே இருக்கும் ஏரியில் சேராமல், ரஷ்யாவின் சைபீரியா நெடுக ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் ஓடி, ஆர்க்டிக் பெருங்கடலின் லாப்தேவ் கடலில் கலக்கிறது.

இந்த ஆற்றின் குணத்தையே தீர்மானிப்பது அது வடக்கு நோக்கி ஓடுவதுதான். குளிர்காலத்தில் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனாகப் பனிக்கட்டி மூடிவிடும். மே மாதம் தெற்கே வெயில் ஏறி மேல்பகுதி உருகும்போது, வடக்கே கடைப்பகுதி இன்னும் கல்லாக உறைந்து கிடக்கும். முகத்துவாரத்தில் பனி உடைய ஜூன் ஆகிவிடும். மேலிருந்து இறங்கும் வெள்ளம் பனிப்பாளங்களைப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டே வருகிறது. ஆறு வளையும் இடத்திலோ தீவுகளுக்கு இடையிலோ அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொண்டால், அதுவே அணை. 2001 மே மாதம் லென்ஸ்க் நகரம் அப்படித்தான் மூழ்கியது. அடைப்பை உடைக்க ராணுவ விமானங்கள் குண்டு வீச வேண்டியிருந்தது.

சரி, இவ்வளவு தண்ணீர் ஒரே மூச்சில் எப்படி வருகிறது? காரணம் காலுக்கடியில் இருக்கிறது. லேனாவின் வடிநிலத்தில், அதாவது அதற்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பில், பெரும்பகுதி உறைநிலம். ஆண்டு முழுவதும் உருகாத மண் அது. கோடையில் மேலே மெல்லிய அடுக்கு மட்டும் இளகும், அதற்குக் கீழே பாறைபோல இறுகியிருக்கும். வசந்தத்தில் அந்த மெல்லிய அடுக்குகூட இளகியிருக்காது. உருகிய பனி மண்ணில் இறங்க வழியில்லாமல் நேரே ஆற்றுக்கு ஓடிவிடுகிறது. குளிர்காலத்திலோ நிலத்தடியிலிருந்து கசிந்து வரும் நீர் மிகக் குறைவு. ஏப்ரலில் மெலிந்து கிடக்கும் ஆறு ஜூனில் பல மடங்கு பெருகுவது இதனால்தான்.

ஆற்றங்கரையில் இருக்கும் யாகுட்ஸ்க் நகர மக்கள் இந்தக் கணக்கோடுதான் வாழ்கிறார்கள். ஆற்றைக் கடக்க நெடுங்காலமாக அங்கே பாலமே இல்லை. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிக்கட்டி மேலேயே லாரி. நடுவில் பனி உடையும் வாரங்களில் இரண்டும் ஓடாது. அக்கரை கண்ணுக்குத் தெரியும், போக முடியாது.

வெள்ளம் வடிநிலத்தைக் கடந்து, நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரியும் பரந்த டெல்டாவுக்கு வந்து சேரும்போதும் லாப்தேவ் கடல் விழித்திருக்காது. கரையோரம் உறைந்து நிற்கும் கடல்பனியின் மேலேயே ஆற்றுநீர் ஏறிப் பரவுகிறது. கடல் உருகும் முன்பே, அதன்மேல் ஆறு ஓடத் தொடங்கிவிடுகிறது.