‘மிஸ்பிரிண்ட் காசு’ என்று வாங்கி ஏமாறாதீர்கள்

போன மாதம் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். பஞ்சில் சுற்றிய ஒரு ரூபாய் ஸ்டீல் காசை மேஜையில் வைத்து, “அண்ணே, மிஸ்பிரிண்ட். லக்கி காயின். ஆறாயிரம் கொடுத்தேன், இப்ப எவ்வளவு போகும்?” என்றார்.

ஒரு பக்கம் சிங்க முத்திரை. மறுபக்கம் அதே சிங்கம் குழிவாக, இடவலம் மாறி இருந்தது. லென்ஸை அவர் கையில் கொடுத்தே பார்க்கச் சொன்னேன். குழிந்த சிங்கத்துக்கு அடியில் நசுங்கிய ‘1’ மங்கலாகத் தெரிந்தது. திருப்பிப் பார்த்தால், மேல்பக்கச் சிங்கத்தின் முகமும் தட்டையாகிக் கிடந்தது. இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸில் (பட்டறையில் இருக்கும் இறுக்குப் பிடியில்) கொடுத்து இறுக்கியிருக்கிறார்கள். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

நாணயச் சாலையில் இந்தப் பிழை உண்மையிலேயே நடக்கும். அடித்த காசு, உருவம் பதிக்கும் அச்சிலேயே சில சமயம் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வெறும் வில்லையில் (இன்னும் அடிக்காத உலோக வட்டில்) அச்சுக்குப் பதில் அந்தக் காசு பதியும். அப்படிப் பிறந்த காசில் குழிவுக்கு அடியில் வேறு எழுத்து இருக்காது, மறுபக்கமும் நசுங்கியிருக்காது. வடக்கே இதை ‘லாக்கி’ என்பார்கள். நம்மூரில் அது ‘லக்கி’ ஆகி, அதிர்ஷ்டக் காசு என்று பர்ஸில் வைத்துக்கொள்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். எப்படி உண்டானது என்பதைச் சொல்லாத பெயர் போலிக்காரனுக்குத்தான் வசதி.

‘மிஸ்பிரிண்ட்’ என்ற சொல்லும் அப்படித்தான். அச்சிடுவது நோட்டை, காசை அடிக்கிறார்கள். தகட்டிலிருந்து வில்லை வெட்டுவது, விளிம்பு எழுப்புவது, அச்சில் அடிப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் வரும் பிழை தனி, அதன் அடையாளமும் தனி. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கினால், தண்டவாளத்தில் வைத்து நசுக்கியதும் மிஸ்பிரிண்ட் ஆகிவிடும்.

ஓரம் குறைந்த ‘கட் காயின்’ இன்னொரு குழப்பம். அந்தக் காலத்தில் பொன், வெள்ளிக் காசுகளின் ஓரத்தைச் சுரண்டித் திருடியதும், இன்றைய பிறை வடிவக் குறையும் ஒன்றல்ல. தகட்டில் ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் வெட்டுளி மறுபடி விழுந்தால்தான் பிறை வரும். அப்படிப்பட்ட காசில் குறைக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மெலிந்திருக்கும். விளிம்பு எழுப்பும்போது அந்த இடத்தில் அழுத்தம் சரியாகக் கிடைக்காததே காரணம். அரம் போட்டு வெட்டியவனால் அதைச் செய்ய முடியாது.

சரி, பிழையே இல்லாததைப் பிழை என்பது தனிக்கதை. எந்தச் சாலையில் அடித்தது என்பதற்குக் காசில் குறி உண்டு: ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, வைரக் குறி இருந்தால் மும்பை, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. ‘குறி விடுபட்ட காசு’ என்று கொல்கத்தா காசை ஐந்நூறுக்கு விற்றதை நானே பார்த்தேன். அமெரிக்க டாலர் சில்லறையைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாகத் தெரியும். அங்கே அடிக்கும் முறையே அதுதான்.

மதுரைக்காரர்கள் நாம் அதிகம் ஏமாறுவது பழைய செப்புக் காசில். நாயக்கர் காலக் காசு கையால் அடித்தது. அச்சு பெரிதாகவும் வில்லை சிறிதாகவும் இருக்கும்; உருவத்தில் பாதிதான் விழும். அதை ‘ஆஃப் சென்டர் எரர்’ (உருவம் நடுவிலிருந்து விலகிய பிழை) என்று நாலு மடங்கு விலை சொல்கிறார்கள். அந்தக் காசுகளில் உருவம் முழுதாக விழுந்திருந்தால்தான் அபூர்வம், அதற்குத்தான் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்.

அப்புறம், செல்போனில் வரும் ‘வைஷ்ணவ தேவி காசுக்குப் பத்து லட்சம்’ விளம்பரங்கள். 2012-ல் வந்த அந்த ஐந்து, பத்து ரூபாய்க் காசுகள் சாதாரணமாகக் கிடைப்பவை. பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

சந்தேகமான காசு இருந்தால் வாங்குவதற்கு முன்பே கொண்டு வந்து காட்டுங்கள், பார்த்துச் சொல்ல நான் காசு கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் செப்புக் காசென்றால் புளி போட்டுத் தேய்க்காமல், மண்ணோடு அப்படியே கொண்டு வாருங்கள்.