தாமரை இலைத் தண்ணீராய் உருளும் சோடியம்

ஜப்பானில் மின்சாரத்தைப் பேரளவில் சேமிக்கப் பயன்படும் சோடியம்–கந்தக மின்கலங்களை எப்போதும் 300 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் வைத்திருக்கிறார்கள். சோடியத்துக்கும் கந்தகத்துக்கும் நடுவே மின்பகுளியாக, அதாவது அயனிகளைக் கடத்தும் ஊடகமாக, நிற்கும் பீட்டா அலுமினா என்னும் பீங்கானில் சோடியம் அயனிகள் விரைவாக நகர்வதற்கு அந்த வெப்பம் உதவுகிறது. அதைவிட நுட்பமான பயன் ஒன்றும் உண்டு. சோடியம் 98 பாகையிலேயே உருகிவிடுவதால், திரவமான உலோகம் பீங்கானின் மேடுபள்ளங்களைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

சோடியமும் மின்பகுளியும் திடமாகவே இருந்து அறை வெப்பநிலையில் இயங்க வேண்டிய திட மின்கலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. சோடியம், சிர்க்கோனியம், சிலிக்கான், பாஸ்பரஸ், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த நாசிக்கான் என்ற மின்பகுளியை 1976-இல் அமெரிக்காவின் லிங்கன் ஆய்வகத்தில் ஹாங், குட்இனஃப் முதலிய ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்தினர். (பெயரைப் பார்த்து மகாராட்டிர நகரத்தை நினைக்க வேண்டாம், அது ஓர் ஆங்கிலச் சுருக்கம்.) இதன் உட்புறத்தில் அயனிகள் தாராளமாகவே ஓடுகின்றன. ஆனால், இரண்டு திடப்பொருள்களை அழுத்தி வைத்தால் அவை சில புள்ளிகளில்தான் தொடும் என்பதால், மின்தடையின் பெரும்பகுதி எல்லையில் வந்து குவிகிறது. சோடியத்தை உருக்கி ஊற்றினாலும், பீங்கான் காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஏற்று மெல்லிய படலம் பூண்டிருந்தால், அது தாமரை இலைத் தண்ணீராக உருண்டு விலகும்.

தொடக்கத்தில் நல்ல தொடர்பு கிடைத்தாலும் அது நிலைப்பதில்லை. மின்கலம் மின்னிறக்கம் அடையும்போது சோடியம் அணுக்கள் எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனிகளாகப் பீங்கானுக்குள் செல்கின்றன. அவை விட்டுப்போன இடத்தை உலோகத்தின் உட்புறத்திலிருந்து வேறு அணுக்கள் உடனே வந்து நிரப்பாவிட்டால், வெற்றிடங்கள் ஒன்றுசேர்ந்து குழிகளாகின்றன. எஞ்சிய தொடுபுள்ளிகளில் மின்னோட்டம் நெரிசல்படுகிறது. அடுத்த மின்னேற்றத்தில் அதே புள்ளிகளில் சோடியம் குவிந்து, பீங்கானின் விரிசல்களில் வேர்போல நுழைந்து, மறுமுனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம் கடினமான பீங்கானைத் துளைக்காது என்று நம்பியது பிழையாயிற்று.

இதற்கு முதல் மருந்து மேற்பரப்பைத் தேய்த்துச் சுட்டுத் தூய்மையாக்குவது; அடுத்தது வெள்ளீயம் போன்ற, சோடியத்தோடு கலப்புலோகமாகும் பொருளை மெல்லியதாகப் பூசுவது. 2017-இல் குட்இனஃப்பின் டெக்சாஸ் குழு, சோடியத்தையும் நாசிக்கானையும் சேர்த்துச் சூடாக்கியபோது உருவான இடைப்படலத்தைச் சோடியம் நன்றாக நனைப்பதைக் காட்டியது. மெல்லிய பாலிமர் படலமும் இதே வேலையைச் செய்தது.

கந்தக வகை மின்பகுளிகள் மென்மையானவை என்பதால் அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும். அவற்றின் தொல்லை வேதியியல் சார்ந்தது. இவ்வகையைச் சேர்ந்த சோடியம் தயோபாஸ்பேட், சோடியம் உலோகத்தைத் தொட்டதும் சிதைந்து சோடியம் சல்பைடும் சோடியம் பாஸ்பைடும் ஆகிறது. சிதைவுப் படலம் அயனிகளை மட்டும் கடத்தினால் அதுவே காப்பாகிவிடும். எலக்ட்ரான்களையும் கடத்தினால் சிதைவு நிற்காமல் உள்ளே பரவும். எனவே இடையில் இடும் எந்தப் பூச்சின் தரத்தையும், எலக்ட்ரான்களைத் தடுக்கிறதா என்ற இந்த ஒரு பண்பைக் கொண்டே முதலில் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

நேர்மின்முனையில் நிலைமை வேறு. அங்குள்ள துகள்கள் சோடியத்தை ஏற்கும்போதும் விடும்போதும் பருமன் மாறுவதால், இறுகிய பீங்கானிலிருந்து பிரிந்துவிடுகின்றன. இடைவெளியில் பாலிமரையோ சில துளி அயனித் திரவத்தையோ (திரவ நிலையில் இருக்கும் உப்பு) சேர்த்து இதைச் சரிசெய்கிறார்கள். அத்துளிகள் விழுந்த பிறகும் அதை முழுத் திட மின்கலம் என்று அழைப்பது சற்றே தாராளம்தான்.