நெட் ஸ்லோவா? வேகக் குறைப்பில் எது விதிப்படி சரி, எது தவறு

வீட்டு பிராட்பேண்ட் மெதுவாகிவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்து "ஸ்பீடே இல்லை" என்று ஒரே புகாராகச் சொல்லிவிடுகிறோம். கஸ்டமர் கேருக்கு அது வசதி. ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லி, புகாரை அன்றைக்கே முடித்துவிடலாம். உண்மையில் வேகம் குறைவதில் மூன்று வகை உண்டு. மாத அளவு தீர்ந்ததால் நிறுவனமே குறைப்பது ஒன்று. ஒரு குறிப்பிட்ட தளத்தையோ ஆப்பையோ மட்டும் அடையாளம் பார்த்துக் குறைப்பது இன்னொன்று. வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவுக்கு மேல் இணைப்பு விற்றுவிட்டு, நெரிசல் நேரத்தில் எல்லோருக்கும் குறைவது மூன்றாவது. முதலாவது, முன்கூட்டியே சொல்லிச் செய்தால் விதிப்படி சரி. இரண்டாவது கூடவே கூடாது. மூன்றாவது சேவைத் தரம் சம்பந்தப்பட்டது, அதற்கு வேறு விதிகள். நம் பிரச்சினை எந்த வகை என்று தெரிந்து எழுதினால் புகாருக்குப் பலம் கூடும்.

அளவு தீர்ந்த பிறகு

"அன்லிமிடெட்" என்று விற்கப்படும் வீட்டு இணைப்புத் திட்டங்கள் பலவற்றுக்குள் எப்யூபி என்ற பயன்பாட்டு வரம்பு இருக்கிறது. மாதம் 3,300 ஜிபி என்பது இப்போது பரவலாகக் காணப்படும் வரம்பு. ஒரு நாளைக்கு 110 ஜிபி. உயர்தர 4கே படம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 7 ஜிபி போகும் என்று வைத்துக்கொண்டால், சாதாரணக் குடும்பம் இந்த வரம்பைத் தொடுவது அபூர்வம். பழைய திட்டங்களிலும் மலிவு திட்டங்களிலும் இருக்கும் 100 ஜிபி, 200 ஜிபி வரம்புதான் பாதி மாதத்திலேயே முட்டும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2016 அக்டோபரில் இதற்கு ஓர் உத்தரவு போட்டது. எத்தனை ஜிபி வரை, என்ன வேகத்தில், வரம்பு தாண்டினால் என்ன வேகத்தில் என்ற மூன்றையும் நிறுவனம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இணையதளத்திலும் விளம்பரத்திலும் அது தெரிய வேண்டும். வீட்டு இணைப்பில் வரம்பின் 50 சதவீதம், 90 சதவீதம், 100 சதவீதம் ஆகும்போது எஸ்எம்எஸ் அல்லது மெயில் வர வேண்டும். வரம்பு தாண்டிய பிறகும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது.

அந்த 512 கேபிபிஎஸ் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 64 கிலோபைட். 1 ஜிபி இறங்க நாலேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாட்ஸாப் செய்தி போகும், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு திக்கித் திணறும். 2023 ஜனவரியில் மத்திய அரசு பிராட்பேண்டின் இலக்கணத்தையே குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்திவிட்டது. பிராட்பேண்ட் என்று பெயர் சொல்லி விற்கும் இணைப்பு, வரம்புக்குப் பிறகும் அந்த 2 எம்பிபிஎஸ்ஸையாவது தர வேண்டும் என்பதுதான் நியாயம். பல நிறுவனங்கள் தாங்களாகவே அதைத் தருகின்றன. உங்கள் திட்டத்தில் எவ்வளவு என்பதை பணம் கட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மொபைலுக்கு இந்த 512 தரைமட்டம் கிடையாது. அன்றைய 1.5 ஜிபி தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ்ஸாக இறக்கிவிடும் திட்டங்கள் அதனால்தான் செல்லுபடியாகின்றன. எல்லாத் தளத்துக்கும் ஒரே மாதிரி குறைவதால் அதில் பாகுபாடு என்ற குற்றமும் வராது.

ஆளைப் பார்த்துக் குறைப்பது

யூடியூப் மட்டும் திக்குகிறது, மற்றதெல்லாம் பறக்கிறது என்றால் சந்தேகப்படலாம். எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை பற்றிய விதிகள் இங்கேதான் வருகின்றன.

இந்த விதிகள் சும்மா வந்துவிடவில்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியே பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2015 ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ வந்தது: ஆப் நிறுவனம் பணம் கட்டினால் அந்த ஆப்புக்கு வாடிக்கையாளரின் டேட்டா செலவாகாது. சேர்வதாக இருந்த பிளிப்கார்ட்டே பிறகு விலகிக்கொண்டது. பேஸ்புக் தன் பங்குக்கு, தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ப்ரீ பேசிக்ஸோடு வந்தது. டிராய் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. அதுவரை டிராய் என்றால் என்ன என்றே தெரியாத கல்லூரி மாணவர்களும் எழுதினார்கள்.

விளைவாக 2016 பிப்ரவரி 8 அன்று வந்த ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்றது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். அது கட்டணத்துக்கு. வேகத்துக்கான பரிந்துரையை டிராய் 2017 நவம்பரில் கொடுத்தது. 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை அதை ஏற்று, பிறகு உரிம நிபந்தனையில் சேர்த்தது. உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுப்பது, தரம் குறைப்பது, மெதுவாக்குவது, இன்னொன்றுக்குச் சலுகை வேகம் கொடுப்பது எல்லாமே இதன்படி நிறுவனத்துக்குத் தடை. நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டு முடக்கும் தளங்களும் நெருக்கடி கால ஏற்பாடுகளும் விலக்கு. நெரிசலைச் சமாளிக்கச் செய்யும் நியாயமான, வெளிப்படையான ஏற்பாடுகளுக்கும் விலக்கு உண்டு.

ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. யூடியூப் வேகமாக ஓடுகிறது, ஒரு சின்னப் பதிப்பகத்தின் தளம் திறக்க நேரமாகிறது என்றால் அதை உடனே பாகுபாடு என்று சொல்ல முடியாது. கூகுள், நெட்பிளிக்ஸ் போன்றவை அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் பிரதியை வைத்திருக்கும் சர்வர்களை இணைய நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அந்த வீடியோ உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்தே வருகிறது, சின்னத் தளமோ கடல் தாண்டியும் வரலாம். விதிகள் இந்த ஏற்பாட்டைத் தடுக்கவில்லை. பணம் படைத்தவருக்கு இதில் அனுகூலம் இருக்கத்தான் செய்கிறது.

எட்டு மணி நெரிசலின் கணக்கு

நம்மில் பெரும்பாலோரின் பிரச்சினை மூன்றாவது வகைதான். பகலில் ஒழுங்காக இருக்கும், இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை இழுக்கும்.

எந்த நிறுவனமும் நூறு வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் விற்றால் 10,000 எம்பிபிஎஸ் வாங்கி வைப்பதில்லை. கல்யாணத்துக்கு ஆயிரம் பேரை அழைத்தாலும் ஒரு பந்திக்கு இருநூறு இலைதான் போடுவோம், அந்த மாதிரி. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தை இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் 700 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ் தர முடிகிறது. இதில் தவறில்லை. எத்தனை பேருக்கு ஒரு இலை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிராயின் 2009 வழிகாட்டுதல் வீட்டு இணைப்புக்கு 50 பேருக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தைச் சொன்னது. 2006 தர விதிகள், நெரிசல் நேரத்திலும் நிறுவனம் வெளி இணையத்தோடு சேரும் மேல்நிலை இணைப்பு 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்றன.

ஃபைபர் வந்த தெருவை எடுத்துக்கொள்வோம். பரவலாக இருக்கும் ஜிபான் தொழில்நுட்பத்தில் ஒரு ஃபைபர் ஏறத்தாழ 2,500 எம்பிபிஎஸ் சுமக்கும், அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். 64 வீட்டிலும் ஒரே நேரத்தில் இரண்டிரண்டு எச்டி வீடியோ ஓடுகிறது என்று வையுங்கள். ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் வீதம் மொத்தம் 640 எம்பிபிஎஸ். ஃபைபரின் கால் பங்குதான் நிரம்புகிறது. ஆகவே "எல்லாரும் பாக்குற நேரம் சார், அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நெரிசல் பெரும்பாலும் தெருவில் இல்லை. உள்ளூர் ஆபரேட்டரோ அவருக்கு மேலே உள்ள நிறுவனமோ மொத்தமாக வாங்கும் பேண்ட்வித்தில், அதாவது இணையக் கொள்ளளவில் இருக்கிறது. அதை உச்ச நேரத் தேவைக்கு ஏற்ப வாங்கினால் பகல் முழுக்க பாதி சும்மா கிடக்கும், அதற்கும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். கேபிள் ஆபரேட்டர் கம்பத்துக்கும் வாடகை கொடுத்து, அறுந்த ஃபைபரையும் ஒட்டி, வசூலில் பெரிய நிறுவனத்துக்குப் பங்கும் கொடுத்துவிட்டு நிற்கும்போது கையை வைப்பது இந்தச் செலவில்தான். அவர் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் தர முடியாத வேகத்தை எழுதிக்கொடுத்துப் பணம் வாங்குவதை அது நியாயமாக்கிவிடாது.

பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இந்தச் செலவை வேறு பக்கம் திருப்பப் பார்க்கின்றன. வீடியோ தளங்கள்தான் நெட்வொர்க்கை நிரப்புகின்றன, ஆகவே அவையும் பங்கு கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். டிராய் 2023இல் ஓடிடி பற்றிக் கருத்துக் கேட்டபோதும் இது எழுந்தது. எனக்கு இது ஏற்பில்லை. அந்த வீடியோவைக் கேட்டு வாங்குவது நாம், அதை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் மாதாமாதம் பணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டுகிறோம். கட்டிய தளத்துக்கு ஒரு வேகம், கட்டாத தளத்துக்கு ஒரு வேகம் என்று அது போய் முடியும். 2018இல் பூட்டிய கதவைத்தான் அது திறக்கும்.

புகார் எழுதும் முன்

முதலில் வைஃபையை விட்டுவிடுங்கள். லேப்டாப்பை ரவுட்டரில் கேபிள் போட்டுச் சோதியுங்கள். காலை, மதியம், இரவு ஒன்பது மணி என்று சில நாள் தொடர்ந்து பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மொபைல் டேட்டாவுக்கு டிராயின் மைஸ்பீடு ஆப் இருக்கிறது. பாஸ்ட் டாட் காம் சோதனை நெட்பிளிக்ஸ் சர்வரிலிருந்தே வேகத்தை அளக்கும். வேறு சோதனையில் 95 காட்டி, இதில் மட்டும் தொடர்ந்து 8 காட்டினால், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை நிறுவனத்துக்குத் தெரியாமல் மறைக்கும் விபிஎன் போட்டு மறுபடி பாருங்கள். விபிஎன்னில் சரியாக வந்தால் அந்தத் தளத்துக்குப் போகும் பாதையில் ஏதோ இருக்கிறது. வேண்டுமென்றே குறைக்கிறார்கள் என்பதற்கு அதுவே முடிந்த முடிவான சான்று ஆகாது, ஆனால் விளக்கம் கேட்கப் போதும்.

புகாரை ஆபரேட்டரிடம் வாயால் சொல்வதோடு விடாமல் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து, டாக்கெட் எண் என்ற புகார் எண்ணை வாங்குங்கள். தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது. அடுத்த படி தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவு, அதற்கு மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் பதியலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

இணைப்பே செத்துக் கிடந்தால் வேறு விதி. 2024 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்த சேவைத் தர ஒழுங்குமுறைப்படி, வீட்டு இணைப்பின் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் வாடகைக் கழிவு உண்டு, ப்ரீபெய்ட் என்றாலும் இழப்பீடு உண்டு. புது இணைப்புக்குப் பணம் கட்டினால் ஏழு நாளில் கொடுத்தாக வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, தந்திச் சட்டம் தடுக்கிறது என்று நிறுவனங்கள் பல காலம் சொல்லிவந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்கு மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே ஆஜராகலாம். மனுவோடு டாக்கெட் எண், ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, சேரும்போது காட்டிய திட்ட விளம்பரம் நான்கையும் இணையுங்கள். அந்த விளம்பரத்தைத்தான் பலரும் எடுத்து வைப்பதில்லை. அது பிறகு இணையதளத்தில் மாறிவிடும், ஆகவே பணம் கட்டும் அன்றைக்கே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.