‘சிஸ்டம் முடிவு பண்ணிருச்சு’ என்றால் என்ன செய்வது?

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் சர்வதேச ஒப்பந்தம் 2024 செப்டம்பர் 5 அன்று வில்னியஸில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. கொண்டுவந்தது ஐரோப்பிய மன்றம், மலேசியா கையெழுத்திடவில்லை. அதே ஆண்டு வந்த ஐ.நா. தீர்மானம், ஆசியான் வழிகாட்டி, நம் அரசின் நெறிமுறைகள் எல்லாம் ‘விருப்பமிருந்தால் பின்பற்றுங்கள்’ ரகம். கணினி நம்மை மறுத்தால் இவற்றைக் காட்டி எதுவும் கேட்க முடியாது. பின்னணி இவ்வளவு போதும்.

கோலாலம்பூர் செந்தூலில் இ-ஹெய்லிங் (ஆப் வழி வாடகைக் கார்) ஓட்டும் அண்ணன் ஒருவர், விடியுமுன் காருக்குள் எடுத்த செல்பி பதிவிலுள்ள முகத்தோடு பொருந்தவில்லை என்று கணக்கு முடக்கப்பட்டார். ஆப்பில் கேட்டால் தானியங்கிப் பதில். நேரில் போனால், “சிஸ்டம் முடிவு பண்ணிருச்சுண்ணே, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது.” ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறதே என்று யாரோ சொல்ல, அதை நம்பியும் அலைந்தார். அது மேலே சொன்ன ஒப்பந்தம் அல்ல, ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிச் சட்டம். அங்கே விற்கப்படும், அங்கே பயன்படும் கருவிகளுக்கு. கோலாலம்பூரில் ஓடும் காருக்கு அது உதவாது.

நம் கையில் உள்ள ஒரு வழி 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709. ‘ஏன் மறுத்தாய்’ என்று கேட்கும் உரிமையை அது நேரடியாகத் தரவில்லை. ஆனால் 30-ஆவது பிரிவின்படி, நிறுவனத்திடம் ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், நகல் கொடு’ என்று கேட்கலாம். 21 நாளில் பதில் வர வேண்டும். தாமதமானால் காரணம் சொல்லி இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். சாதாரணத் தரவின் நகலுக்கு 10 ரிங்கிட், முக அடையாளம் போன்றவற்றுக்கு 30 ரிங்கிட் வரை கட்டணம். அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போனில் கேட்டது கணக்கில் வராது, எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள்தான் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் மறுத்துவிடலாம். அடையாள அட்டை நகலை இணையுங்கள், எதற்காகக் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதிவிட்டு. கடிதத்தில் நியாயம் பேசாதீர்கள். அன்றைய செல்பி, பதிவிலுள்ள படம், ஒப்பிட்டு வந்த முடிவு, இதெல்லாம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘ஏன்’ என்று மட்டும் எழுதினால் வருத்தம் தெரிவித்து நான்கு வரி வரும், அவ்வளவுதான்.

அரசாங்க உதவித்தொகையைக் கணினி நிராகரித்ததா? இந்தச் சட்டம் செல்லாது. மத்திய, மாநில அரசுகளுக்கு விலக்கு உண்டு. சட்டம் போட்டவர்களே வெளியே நிற்கிறார்கள், என்ன சொல்ல! அங்கே மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள். வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முதலில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை (உங்கள் கடன் விவரப் பதிவு) இலவசமாக எடுத்துப் பாருங்கள். தனியார் கடன் தகவல் நிறுவனங்களுக்கு வேறு சட்டம். 709-ஐக் காட்டி அங்கே சண்டை போட முடியாது.

கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால், தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். இதற்காக வேலையை விட்டுவிட்டு புத்ராஜெயா போக வேண்டாம். ஆணையர் நஷ்டஈடு வாங்கித் தரமாட்டார், கணக்கையும் திறந்துவிடமாட்டார். நகல் வந்தால் வழக்கறிஞரிடமோ சங்கத்திடமோ காட்ட ஆதாரமாவது கிடைக்கும்.

அப்புறம், முடக்கச் செய்தி வந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கணக்கை முழுதாக மூடிவிட்டால் ஆப்பே திறக்காது.