சொல் விளக்கம்: விலங்கு நலன்

கொழும்பில் 'வெல்ஃபெயார்' என்றால் நலன்புரி. நலன்புரிச் சங்கம், நலன்புரி நிலையம், நலன்புரிக் கொடுப்பனவு என்று அந்தச் சொல் இல்லாத கடதாசி கிடையாது. அந்தப் பழக்கத்தில் 'அனிமல் வெல்ஃபெயார்' என்பதையும் விலங்கு நலன்புரி என்று எழுதிவிடுகிறோம். சங்கத்துக்கும் சட்டத்துக்கும் அது சரி. பண்ணை விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர்கள் எழுதுவதைத் தமிழில் சொல்லும்போதுதான் உதைக்கிறது.

புரி என்றால் செய். தவம் புரிகிறோம், கொலையும் புரிகிறோம். ஆக, நலன்புரி என்பது மனிதர் செய்யும் உபகாரம். ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு: 'வெல்' நன்றாக, 'ஃபெயார்' போதல். பஸ்ஸுக்குக் கொடுக்கிற ஃபெயாரும் இதே வேரில் வந்ததுதான். நன்றாகப் போவது மாட்டுக்கோ கோழிக்கோ, நமக்கல்ல. பிரித்தானிய ஆய்வாளர் டொனால்ட் புரூம் 1986இல் கொடுத்த வரையறையும் அப்படித்தான்: தன் சூழலைச் சமாளிக்க முயலும் விலங்கு எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே அதன் வெல்ஃபெயார். அந்த நிலை நல்லதாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். 'நலன்புரி மோசம்' என்று எழுதினால் சங்கக் கணக்கில் ஏதோ கோளாறு என்றல்லவா வாசிப்பவர் நினைப்பார்!

மனிதர் செய்யும் உபகாரமும் விலங்கின் நிலையும் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு ஒரு கதை உண்டு. பண்ணை விலங்குகள் பற்றி ஆராய பிரித்தானிய அரசு அமைத்த பிரம்பெல் குழு, 1965இல் தந்த அறிக்கையில், கோழிக் கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலை வேண்டாம், தடித்த கம்பி போடுங்கள் என்றது. நல்லெண்ணம்தான். 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இருவர் கோழிகளையே தெரிவுசெய்ய விட்டார்கள். கோழிகள் விரும்பியது அந்த மெல்லிய வலையை.

இன்னொன்று, புழுதிக் குளியல். முற்றத்துக் கோழி மண்ணைக் கிளறி, படுத்து, சிறகைச் சிலுப்பிப் புழுதியை உடம்பில் ஏற்றும். மண்ணே இல்லாத கூண்டுக் கோழியும் வெறும் கம்பியில் படுத்து அதே அசைவுகளைச் செய்கிறது. தீனி, தண்ணீர், மருந்து எல்லாம் கொடுத்து நலன் புரிந்தாயிற்று. நலன் எப்படி என்பது வேறு கேள்வி.

ஜீவகாருண்யம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் அதுவும் மனிதர் மனதைப் பற்றியது. இலங்கையின் 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் பற்றியோ, அமைப்புகள் பற்றியோ எழுதும்போது நலன்புரி இருக்கட்டும். ஆய்வைப் பற்றி எழுதும்போது 'விலங்கு நலன்' போதும்: கோழிகளின் நலன் குறைந்தது, நலனை அளந்தார்கள். அப்புறம் 'புரி'க்கு அங்கே வேலையில்லை.