உட்கருத் துளை: உள்ளே, வெளியே என்று திசை காட்டுவது யார்?

சேலம் லீ பஜாரில் வாங்கிய பெரிய வெங்காயம் ஒன்று போதும். செதிலின் உட்பக்கத் தோலை உரித்து, ஒரு சொட்டு சாஃப்ரனின் விட்டு, குமிழி விழாமல் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மூடி, பள்ளி ஆய்வக நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். செல்லின் சுவரோரம் சிவந்து தெரியும் உருண்டைதான் உட்கரு. அதன் உறையிலுள்ள துளைகள் தெரியாது. ஒரு துளை அமைப்பின் அகலம் ஏறத்தாழ 120 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கியோ 200 நானோமீட்டர் அளவோடு நின்றுவிடும்.

துளை என்றாலும் அது வெற்று ஓட்டை அல்ல. சுமார் 30 வகைப் புரதங்கள், ஒவ்வொன்றும் பல படிகளாக, எட்டு ஆரங்கள் கொண்ட வளையமாக அமைந்திருக்கின்றன. நடுவழியில் ஃபினைல்அலனின்-கிளைசின் இணைகள் நிறைந்த தளர்ந்த புரத இழைகள் அடைத்திருக்கும். நீர், அயனிகள், சிறு மூலக்கூறுகளுக்குத் தடையில்லை. புரதம் 40 கிலோடால்டனை (கிலோடால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) நெருங்கும்போது வேகம் குறைந்து, அதற்கு மேல் தானாக நுழைவது அரிதாகிவிடும்.

இதை அதே வெங்காயத் தோலில் கண்ணால் பார்க்க முடியும். பச்சை ஒளிரும் புரதத்தைச் செல்லே தயாரிக்கச் செய்யும் டி.என்.ஏ பூசிய தங்கத் துகள்களை ஜீன் துப்பாக்கியால் செலுத்தி, மறுநாள் ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பச்சை ஒளிரும் புரதம் 27 கிலோடால்டன்தான். உட்கருவிலும் வெளியிலும் பரவி ஒளிரும். அதோடு 68 கிலோடால்டன் 'கஸ்' நொதியை இணைத்தால் வெளியிலேயே நின்றுவிடும். புரோலின், மூன்று லைசின், ஆர்ஜினின், லைசின், வாலின் என்ற ஏழு அமினோ அமில முகவரியையும் சேர்த்துவிட்டால், அத்தனை பெரிய புரதமும் உட்கருவில் குவியும்.

இங்கே ஏமாறும் இடம் இரண்டு. உட்கருவைச் சுற்றிய மெல்லிய சைட்டோபிளாசம் ஒளிர்ந்தாலே உட்கரு ஒளிர்வதுபோல் தோன்றும், டி.என்.ஏ சாயத்தால் உட்கருவைத் தனியே உறுதிசெய்ய வேண்டும். இணைப்புப் புரதம் செல்லுக்குள் உடைந்தால், தனித்த பச்சைப் புரதம் உள்ளே கசிந்து பொய் சொல்லும்.

முகவரியைப் படிப்பது இம்போர்ட்டின் ஆல்ஃபா என்ற புரதம். அதைப் பிடித்திருக்கும் இம்போர்ட்டின் பீட்டா என்ற கடத்திப் புரதம், இழைகளோடு ஒட்டியும் விட்டும் சில மில்லிநொடிகளில் கடந்துவிடும். இந்தக் கடப்புக்கு ஆற்றல் செலவே இல்லை. துளையே சரக்கை, அதாவது கடத்தப்படும் புரதத்தை, தள்ளுவதுபோல் பல படங்களில் வரைவது தவறு.

திசை தருவது ரான் என்ற சிறு புரதம். உட்கருவில் குரோமாட்டினில் (டி.என்.ஏ-வும் புரதமும் சேர்ந்த இழை) ஒட்டியுள்ள ஆர்சிசி1 என்ற புரதம், ரானை மூன்று பாஸ்பேட் நிலையில், அதாவது மூன்று பாஸ்பேட் கொண்ட குவனோசின் மூலக்கூறைப் பிடித்த நிலையில், வைத்திருக்கிறது. அந்த ரான் இம்போர்ட்டின் பீட்டாவைப் பற்றியதும் சரக்கு கழன்றுவிடும். ரானும் இம்போர்ட்டினும் வெளியே வந்ததும் ரான்காப் என்ற புரதம் ஒரு பாஸ்பேட்டை வெட்டவைக்க, இம்போர்ட்டின் அடுத்த சரக்குக்குத் தயார். தாவரங்களில் ரான்காப் உட்கரு உறையின் வெளிமுகத்திலேயே தங்கியிருக்கும். சரக்கை வெளியே கொண்டுசெல்லும் எக்ஸ்போர்ட்டினுக்குக் கணக்கு நேர்மாறு: மூன்று பாஸ்பேட் ரான் கூட இருந்தால்தான் சரக்கைப் பிடிக்கும். தூதுவ ஆர்.என்.ஏ பெரும்பாலும் வேறு வழியில், ரான் உதவியின்றி வெளியேறுகிறது.

பாஸ்பேட்டை வெட்ட முடியாத பிறழ்வு ரானை வெளியே சேர்த்தால், அது இம்போர்ட்டின்களை அங்கேயே பிடித்துக்கொள்ளும், இறக்குமதி நின்றுபோகும். 1999-இல் ஆய்வாளர்கள் நச்சூரி, வைஸ் இருவரும் மூன்று பாஸ்பேட் ரானை உட்கருவுக்கு வெளியே மிகுதியாக வைத்துப் பார்த்தனர். துளைகளில் எந்த மாற்றமும் செய்யவில்லை; சரக்கு செல்லும் திசை தலைகீழானது.