பைக்கில் விழுந்த பையனின் சுண்டுவிரல்

வயது பதினேழு. வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு வந்தான். "பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் சார்" என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னார். அவனிடம் கேட்டேன். அதே வாக்கியம், ஒரு சொல் மாறாமல் வந்தது. உள்ளங்கையில் சிராய்ப்பு இல்லை. முழங்காலில் இல்லை. பேண்ட்டில் மண்கூட ஒட்டவில்லை. எக்ஸ்ரேயில், சுண்டுவிரலுக்கு அடியில் இருக்கும் மெட்டாகார்பல் எலும்பு கழுத்தருகே முறிந்து மடங்கியிருந்தது.

வண்டியிலிருந்து விழுகிறவன் கையை விரித்து ஊன்றுவான். பெரும்பாலும் மணிக்கட்டுதான் முறியும். மூடிய கைமுஷ்டியால் கெட்டியான எதையாவது குத்தினால்தான் பெரும்பாலும் இந்த இடம் இப்படி முறியும். மருத்துவத்தில் இதற்கு 'பாக்ஸர் முறிவு' என்று பெயர். பயிற்சி பெற்ற குத்துச்சண்டை வீரருக்கு இது அரிது. கோபத்தில் கையை வீசுகிறவருக்குத்தான் வரும். இது எல்லாம் தெரிந்தும் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் அம்மா சொன்னதையே எழுதினேன். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். மாவுக்கட்டுப் போட்டு, பத்து நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன்.

ஒன்பதாவது நாள் இரவே வந்துவிட்டான். இந்த முறை இடது முன்கையின் வெளிப்பக்கத்தில் அரிவாள் வெட்டு. தலைக்கு வந்ததைக் கை தாங்கியிருந்தது. இரண்டு விரல்களின் தசைநார்கள் அறுந்திருந்தன. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாள் கழித்துப் பேசினான். மொபைலில் ஒருவன் போட்ட ஸ்டேட்டஸ், அதற்கு இவன் விட்ட குத்து, பிறகு அவனுடைய அண்ணன்கள். அவர்கள் வருவார்கள் என்று ஒன்பது நாளும் இவனுக்குத் தெரியும்.

"முதல் நாளே நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?"

"தெரியவில்லை சார். யாரும் கேட்கவில்லை."

(அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விரல்களையும் ஒன்பது நாளையும் மாற்றவில்லை.)

அதற்குப் பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன். மாவுக்கட்டு இறுகும்வரை பையன் எங்கும் போக முடியாது. அந்தப் பத்து நிமிடத்துக்கு அம்மாவை மருந்துச் சீட்டோடு அனுப்பிவிடுவேன். யாரை அடித்தாய், ஏன் அடித்தாய் என்று தொடங்குவதில்லை. அது போலீஸ் கேட்கும் கேள்வி. பையன் வாயை மூடிக்கொள்வான். "இது முடிந்துவிட்டதா, இன்னும் பாக்கி இருக்கிறதா?" என்பேன். அடுத்து, "நாளைக்குப் பள்ளிக்கு எந்த வழியாகப் போவாய்?" இந்த இரண்டாவது கேள்வியில்தான் அதிகம் தெரியவரும். வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறேன் என்பவனும், இனிமேல் பள்ளிக்கே போகவில்லை என்பவனும் ஆபத்தில் இருக்கிறார்கள். பையில் கத்தி இருக்கிறதா என்றும் கேட்பேன். இருக்கிறது என்று சொன்னவர்களில் ரவுடி என்று நினைக்கத் தோன்றியவன் ஒருவன்கூட இல்லை. எல்லோருமே பயந்துபோயிருந்த பையன்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "நீ சொல்வதை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் யார் உயிருக்காவது ஆபத்து என்றால், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வேன்." இதைக் கேட்ட பிறகும் பேசுகிறார்கள். சொல்லப்போனால், சிலர் அதற்காகவே பேசுகிறார்கள்.

பெற்றோர் பொய் சொல்லக் காரணம் ஒன்றுதான்: "கேஸ் ஆகிவிட்டால் பையன் படிப்பு போச்சே." இந்தப் பயத்தில் பாதி தேவையற்றது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் வழக்கை இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கிறது. கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலோ தவிர, எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்கின்றன 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள். காவல் நிலைய நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பையனின் பெயரையோ படத்தையோ செய்தியில் வெளியிடுவதும் குற்றம். ஆனால் பதினாறு வயதைக் கடந்தவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயும். முதல் குத்துக்கும் அரிவாளுக்கும் இடையே சட்டத்திலும் இவ்வளவு தூரம் இருக்கிறது. அம்மாக்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: முதல் குத்தை மறைக்காதீர்கள்.

காவல் நிலையத்துக்குத் தெரியாத சண்டைகள் மருத்துவமனைக்குத் தெரியும். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடை அறுவை மருத்துவர், தன்னிடம் வரும் அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று கண்டார். அடி எங்கே விழுந்தது, எப்போது, எதனால் என்று மட்டும் கேட்டு, பெயர்களை நீக்கிப் போலீஸுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ஆள் நிறுத்த வேண்டும் என்று அதைப் பார்த்து முடிவானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005இல் வன்முறைக் குறைப்புக்கென்றே போலீஸில் தனிப் பிரிவு தொடங்கினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, அங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவில், காயத்தோடு வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஆட்களை அமர்த்தினார்கள். காயம் ஆறுவதற்குள் பேசினால்தான் காது கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. என் அனுபவமும் அதுதான்.

காயத்துக்கு முன்பே தெரியும் அறிகுறிகளைப் பார்க்கிறவர்கள் ஆசிரியர்கள். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களில் அவனோடு படித்தவர்களும் இருந்தார்கள். அதற்கு முன் சில நாட்களாக அவன் பள்ளிக்கு வரவில்லை. அவனுக்கு நடந்த சாதித் தொல்லை, ஏன் வரவில்லை என்று கேட்ட பிறகுதான் பள்ளிக்குத் தெரிந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். தினமும் வந்தவன் திடீரென்று நின்றால், அன்றைக்கே அவன் வீட்டுக்கு யார் போவது? இப்படிச் சாதியைச் சொல்லிச் சீண்டப்படுகிற பையனிடம் "சமாதானமாகப் போ" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அங்கே புகார்தான் வழி. பதினெட்டுக்குக் கீழ் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். தூக்கம் கெட்டு, பழிவாங்குவதையே நினைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுக்கிறேன்.

மற்றச் சண்டைகளுக்குப் பெரும்பாலும் ஒரு பெரியவர் போதும். சில மாதங்களுக்கு முன் இன்னொரு பையன் வந்தான். அதே சுண்டுவிரல், அதே பைக். கட்டு இறுகும் நேரத்தில் கேட்டேன். நாளையிலிருந்து வாய்க்கால் கரை வழியாகப் போகப் போவதாகச் சொன்னான். யாருக்குப் பயப்படுவாய், யார் சொன்னால் கேட்பாய் என்று விசாரித்ததில் ஒரு தாய்மாமன் அகப்பட்டார். அன்று மாலையே அவர் எதிர்த்தரப்புப் பையனின் அப்பாவைத் தேடிப் போனார்.

நான்கு வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்க வந்தான். விரலை மடக்கி நீட்டச் சொன்னேன், நன்றாக மடங்கியது. இப்போது எந்த வழியாகப் போகிறாய் என்றேன்.

"பழைய பஸ்தான் சார்."